கொறங்காட்டு வேலியும் விடியற்காலைக் குரல்களும்

வாசகர் கேள்வி: எங்களுக்குக் காங்கேயத்துக்குத் தெற்கே 9 ஏக்கர் கொறங்காடு. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பாகம் ஆகிவிட்டது. சுற்றிலும் உள்ள கிளுவை வேலியை ஜேசிபி விட்டுப் பிடுங்கிவிட்டு, கல்தூண் நட்டுக் கம்பி கட்டலாம் என்கிறார் தம்பி. வைகாசி முதல் வாரத்துக்கு வண்டியும் பேசியாகிவிட்டது. நானும் சரி என்றுதான் இருந்தேன். பங்குனியில் எங்கள் ஊர் வாத்தியார் பறவைக் குரல் கேட்க வேண்டும் என்று விடியற்காலையில் கூட்டிப் போனார். போய் வந்த பிறகு வேலியைப் பிடுங்க மனசு ஒப்பவில்லை. தம்பியிடம் "குருவி கத்துது, வேலியை விடு" என்று சொன்னால் சிரிப்பார். வேலிப் பறவைகளால் மேய்ச்சலுக்கும் வெள்ளாமைக்கும் உண்மையிலேயே பலன் உண்டா, இல்லையா? இருப்பதை இருப்பதாகச் சொல்லவும்.

பதில்: கேள்வி இவ்வளவுதான். கடிதம் நான்கு பக்கம். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி நோட்டுத்தாளில் எழுதிய பறவைப் பட்டியல் ஒன்றும் கூடவே வந்திருக்கிறது. அதில் 19 பெயர்கள். நான்கு இடங்களில் பெயருக்குப் பதிலாகக் கேள்விக்குறி போட்டு, "குரல் மட்டும் கேட்டது" என்று எழுதியிருக்கிறாள். தெரியாததைத் தெரியாதது என்றே எழுதிய அந்தப் பிள்ளைக்கு முதலில் பாராட்டு. அன்று நடந்ததை அவர் எழுதியிருப்பதிலேயே பாதி பதில் இருப்பதால், அதைச் சுருக்கித் தருவது மற்ற வாசகர்களுக்கும் பயன்படும்.

கிளம்பியது 4:45 மணிக்கு. மொத்தம் 11 பேர். செருப்போ ஷூவோ இல்லாமல் யாரும் வரக்கூடாது என்று வாத்தியார் முதல் நாளே சொல்லிவிட்டார். கொறங்காட்டில் சுருட்டை விரியன் உண்டு என்பதால் அது சரியான எச்சரிக்கைதான். டார்ச் தரையைப் பார்த்தே அடிக்க வேண்டும், செல்போன் அணைத்திருக்க வேண்டும், பளிச்சென்ற வெள்ளைத் துணி வேண்டாம் என்பவை மற்ற விதிகள்.

"ஏனுங் சார், நான் வெள்ளை வேட்டியோட வந்துட்டனே?"

"பரவாயில்லீங்க ஐயா. இந்தக் காட்டுல நீங்க தினமும் இப்படித்தான நடக்கறீங்க? குருவிகளுக்கு உங்களைப் பழக்கந்தான்."

நடை என்று பேர்தானே தவிர, பாதி நேரம் நிற்பதுதான் வேலை. வெள்வேல மரத்தடியில் வேலியை ஒட்டி இருபது நிமிடம் பேசாமல் நிறுத்திவிட்டாராம் வாத்தியார். முதலில் கேட்டது, சிமெண்ட் தரையில் கோலிக்குண்டைப் போட்டால் டக், டக் என்று துள்ளி, வேகம் கூடிக் கடைசியில் 'டர்ர்ர்' என்று அடங்குமே, அந்த மாதிரி ஒரு சத்தம். அறுபது வருடமாக அவர் இதைக் கேட்டிருக்கிறார். ஏதோ பூச்சி என்றே நினைத்திருந்தாராம். அது பக்கிக்குருவி. இரவில் வண்டி வெளிச்சத்தில் சாலையில் கண் மின்ன உட்கார்ந்திருந்துவிட்டு, சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் எழுந்து பறக்குமே, அதேதான். பகலில் தரையோடு தரையாகச் சருகு நிறத்தில் படுத்திருப்பதால் ஆட்டுக்காரர் கண்ணிலேகூட விழாது. ராத்திரி முழுக்கப் பறந்தபடியே அந்துப்பூச்சிகளையும் வண்டுகளையும் பிடித்துத் தின்னும்.

கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. மரத்தின் உச்சியில் கரிச்சான் ஆரம்பித்தது. எருமை முதுகில் ஏறி வருமே, அந்த இரட்டைவால் கரிச்சான். பங்குனிக் கடைசியில் இந்தப் பக்கம் சூரியன் எழுவது ஏறக்குறைய 6:10 மணிக்கு. கரிச்சானோ அதற்கு முக்கால் மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். நிலா வெளிச்சம் இருந்தால் நடுச்சாமத்திலும் பாடும். திருப்பாவையில் விடிந்ததற்கு அடையாளமாக வரும் ஆனைச்சாத்தன் இந்தப் பறவைதான் என்று பலரும் கொள்கிறார்கள். அப்படிப் பார்த்தால், விடியலுக்கு முதல் சாட்சியாகச் சேவலை விட்டுவிட்டுக் கரிச்சானை வைத்தவர்கள் நன்றாகக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

அதன்பின் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. கிணற்று மேட்டுப் பக்கம் குண்டுக்கரிச்சான் சீட்டியடித்தது. வேலிக்குள்ளிருந்து கருஞ்சிட்டு. அப்புறம் கௌதாரி ஜோடி ஒன்று. ஒன்று எடுக்க மற்றது தொடர, பக்கத்துக் காட்டு ஜோடி பதில் கொடுத்தது. வெளிச்சம் கொஞ்சம் தெளிந்ததும் கொண்டைக்குருவி, தையல்சிட்டு, தேன்சிட்டு, கதிர்க்குருவி. வானம்பாடி ஒன்று புதர் நுனியிலிருந்து எழும்பி, இறக்கையை விரித்துக் குடைபோல் மிதந்து பாடிக்கொண்டே இறங்கியது. தவிட்டுக்குருவிக் கூட்டம் சண்டைக்காரர்கள் மாதிரி எல்லாம் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு வேலியடியில் சருகைக் கிளற வந்துவிட்டது. பஞ்சுருட்டான் மட்டும் வரவில்லை. வெயில் ஏறித் தும்பியும் தேனீயும் பறக்கத் தொடங்கிய பிறகே அதற்குப் பொழுது விடியும். கம்பியில் ஒட்டி ஒட்டி உட்கார்ந்து குளிர் காய்ந்துகொண்டிருப்பதைத் திரும்பி வரும்போது பார்த்தார்களாம். (தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பறவைமேல் கோபம் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது.)

"அப்பாரு, இதெல்லாம் தினமும் கத்துமா?" என்று பேத்தி கேட்டதற்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லையாம். அந்த நேரத்துக்கு அவர் பால் கறந்துகொண்டிருப்பார், ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும்.

தினமும் கத்தும். ஆனால் மாசி பிறந்து ஆனி, ஆடி வரைக்கும்தான் இவ்வளவு வேகம். பெரும்பாலான உள்ளூர்ப் பறவைகள் கூடு கட்டும் பருவம் அது. அந்தக் காலத்தில் ஆண் பறவை விடியற்காலையில் செய்கிற வேலை ஒன்றே ஒன்று. தன் பட்டாவைப் படிக்கிறது. "இந்த மரத்திலிருந்து அந்தப் புதர் வரை என்னுடையது. நான் ராத்திரி சாகவில்லை, தெம்பாக இருக்கிறேன்." எதிரி ஆணுக்கு அது எச்சரிக்கை, பெட்டைக்கு அழைப்பு. ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்த பிறகும் நிறுத்தாமல் பாட முடிகிறது என்றால், அந்தப் பறவையின் எல்லைக்குள் நேற்று நல்ல தீனி கிடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

விடியற்காலையை ஏன் தேர்ந்தெடுத்தன என்பதற்குச் சில காரணங்கள் சொல்லப்படுகின்றன. மங்கல் வெளிச்சத்தில் இரை தேட முடியாது. குளிரில் பூச்சிகளும் வெளியே வராது. அந்த நேரத்தைப் பாட்டுக்குச் செலவிட்டால் நட்டமில்லை. காற்றும் அடங்கியிருப்பதால் குரல் தெளிவாகப் போய்ச் சேரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் காலத்தில் பகலில் இந்தப் பக்கம் பத்து அடி தள்ளி நிற்பவர் பேசுவதே கேட்காது என்பது நம் ஆட்களுக்குத் தெரியும். எந்தப் பறவை முந்தும் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஐரோப்பியப் பறவைகளை வைத்துச் செய்த ஆய்வில், உடம்போடு ஒப்பிடக் கண் பெரிதாக உள்ள இனங்கள் முன்னதாகவும், கண் சிறியவை பின்னதாகவும் பாடத் தொடங்குவது தெரிந்தது.

இன்னொரு சோதனை, 1970களில் இங்கிலாந்தில் ஒரு பட்டாணிக்குருவி இனத்தை வைத்துச் செய்தது. எல்லை பிடித்திருந்த ஆண் பறவைகளை அகற்றிவிட்டு, சில இடங்களில் மட்டும் அவற்றின் பாட்டை ஒலிபெருக்கியில் ஒலிக்க விட்டார்கள். பாட்டு ஒலித்த இடங்களில் வேறு ஆண்கள் நுழையத் தயங்கின. பாட்டில்லாத இடங்கள் சீக்கிரமே பிடிக்கப்பட்டுவிட்டன. குரலே வேலியாக நின்றிருக்கிறது. பறவையைப் பக்கத்தில் வரவழைக்கச் செல்போனில் அதன் குரலைப் போட்டுக் காட்டும் பழக்கம் கூடாது என்று வழிகாட்டிகள் சொல்வதற்குக் காரணமும் இதுதான். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு வெறும் செல்போனோடு சண்டைக்கு அலையும்.

இங்கிருந்துதான் வாசகரின் கேள்விக்கு வழி திறக்கிறது. விடியற்காலையில் பாடும் ஒவ்வோர் ஆண் பறவைக்கும் பின்னால் ஒரு கூடும், அந்தக் கூட்டுக்குத் தீனி போடும் அளவுக்குப் பூச்சியும் அந்தக் காட்டுக்குள் இருக்கிறது. பேத்தியின் 19 பெயரில் பெரும்பாலானவை வேலியிலோ, வேலியடியிலோ, வேலியை ஒட்டிய மரத்திலோ இருந்து குரல் கொடுத்தவை. நடுக் காட்டில் புல்லுக்கு நடுவே கேட்டது வானம்பாடி, கௌதாரி, ஆள்காட்டி போன்ற சிலதான்.

தம்பி பக்க நியாயத்தையும் பார்க்க வேண்டும். அவர் சொல்வதாகக் கடிதத்தில் உள்ளவை: வேலி இடத்தை அடைக்கிறது, பாம்பு தங்குகிறது, வருடா வருடம் சந்து அடைக்க ஆள் கிடைப்பதில்லை, நடுவில் சீமைக் கருவேலம் நுழைந்துவிட்டது. நான்குமே உண்மை. மழுப்புவதற்கு ஒன்றுமில்லை.

இடக் கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்போம். ஒருவர் பாகம் 4.5 ஏக்கர். சதுரமாக வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் ஏறக்குறைய 135 மீட்டர், சுற்றளவு 540 மீட்டர். வேலி 2 மீட்டர் அகலம் படர்ந்திருந்தால் 1,080 சதுர மீட்டர், அதாவது சுமார் 27 சென்ட். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் மானாவாரியில் 27 சென்ட் கொழுக்கட்டைப் புல், மழை சுமாரான ஆண்டில், ஓர் ஆட்டின் ஓராண்டுத் தீவனத்துக்கே இழுபறி. அந்த ஓர் ஆட்டுக்காகக் கல்தூண், கம்பி, ஜேசிபி வாடகை, நடுகூலி என்று இறக்க வேண்டிய பணத்தைத் தம்பியே ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்கட்டும். கம்பி துருப்பிடிக்கும், கிளுவைக்கு அந்தக் கவலை இல்லை. ஆனி, ஆடிக் காற்றில் புழுதியைத் தடுத்து, ஆட்டுக்கு ஒதுங்க இடம் கொடுப்பதும் கம்பியால் ஆகாது. பிரண்டை, கோவை, முடக்கத்தான் என்று வேலியில் கொடியேறிக் கிடப்பவை கணக்கிலேயே வராத வரவு.

அகலம்தான் பிரச்சினை என்றால், பிடுங்குவதைவிடக் கழிப்பது மேல். ஆள் உயரத்துக்கு மேல் போன வேலியை இடுப்பு, மார்பு உயரத்துக்கு வெட்டி, பக்கவாட்டிலும் ஒதுக்கினால் பாதி இடம் திரும்பக் கிடைக்கும். வெட்டிய கிளையே போத்து. சந்து விழுந்த இடங்களில் மழைக்கு முன் அதையே ஊன்றிவிடலாம். சீமைக் கருவேலத்தை மட்டும் தூரோடு எடுக்க வேண்டும். அதற்கு ஜேசிபியைக் கூப்பிடுவதில் தப்பில்லை. ஆனால் வைகாசியில் வேண்டாம். முட்டையும் குஞ்சுமாகக் கூடுகள் நிறைந்திருக்கும் நேரம். ஆவணி, புரட்டாசியில் பெரும்பாலானவை குஞ்சு பறக்கவிட்டு முடித்திருக்கும். வடகிழக்குப் பருவமழைக்கும் முந்தியதாக இருக்கும்.

இனி, பறவையால் பலன் உண்டா என்ற கேள்வி. உண்டு. ஆனால் அளவு தெரிந்து சொல்ல வேண்டும். "பறவை இருந்தால் பூச்சிமருந்தே வேண்டாம்" என்று மேடைகளில் பேசப்படுவதைக் கேட்டு மக்காச்சோளத்தைக் கைவிட்டு உட்கார்ந்தால் படைப்புழு மிச்சம் வைக்காது. பூச்சி பெருகி வெடித்துவிட்ட வயலைப் பறவையால் காப்பாற்ற முடியாது. பெருகாமல் பிடித்து வைப்பதில்தான் அவற்றின் வேலை தெரியும். விதை தின்னும் குருவிகளில்கூடப் பல, குஞ்சுக்குப் புழு பூச்சியையே கொண்டுவந்து ஊட்டுகின்றன. வளரும் குஞ்சுக்குப் புரதம் வேண்டும் அல்லவா? கூடு கட்டும் பருவத்தில் ஒரு ஜோடி காலையிலிருந்து மாலை வரை எத்தனை நடை போய் வருகிறது என்பதைக் கூட்டுக்கு இருபது அடி தள்ளி உட்கார்ந்து ஒரு மணி நேரம் எண்ணினாலே தெரிந்துவிடும். பேத்திக்கு அதை விடுமுறை வேலையாகக் கொடுக்கலாம்.

பட்டியலில் உள்ளவற்றில் கரிச்சானுக்கு முதலிடம். ஆடு மேயும்போது காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளியைப் பின்தொடர்ந்து பிடிக்கும். கூட்டுப் பக்கம் காக்கையோ பருந்தோ வந்தால், உருவத்தில் தன்னைவிடப் பெரிதென்று பார்க்காமல் விரட்டும். அந்தப் பாதுகாப்புக்காகவே புறாவும் மாங்குயிலும் அதே மரத்தில் கூடு கட்டுவது உண்டு. தோட்டத்தில் நிலக்கடலை, துவரை, பருத்தி போட்டிருப்பவர்கள் எக்டருக்கு 50 பறவை தாங்கிகள் வைக்கச் சொல்வது முக்கியமாக இந்தக் கரிச்சானையும் மைனாவையும் நம்பித்தான். பயிரைவிட ஓர் அடி, இரண்டு அடி உயரமாக, குறுக்குக் குச்சி கட்டிய கொம்பு நட்டால் போதும். சோளம், கம்பு, நெல்லில் கதிர் பால் பிடிக்கும் முன் அவற்றை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கதிர் தின்னும் குருவிக்கு நாமே நாற்காலி போட்ட மாதிரி ஆகும்.

கீச்சான் என்ற பறவையைப் பேத்தி பார்த்திருக்கிறாள். கூடவே "கிளுவை முள்ளில் ஒரு வெட்டுக்கிளி குத்தியிருந்தது, பாவம்" என்றும் எழுதியிருக்கிறாள். அது கீச்சானின் வேலை. பிடித்த இரையை முள்ளில் செருகி வைத்துக் கிழித்துத் தின்பது அதன் வழக்கம். கம்பி வேலியில் அதற்கு என்ன வழி? செம்போத்து நத்தை, எலிக்குஞ்சு, பாம்புக்குட்டி வரை தேடித் தின்னும். பாம்புக்குப் பயப்படும் தம்பிக்கு இதையும் சொல்லலாம். பனங்காடை பெரிய வெட்டுக்கிளிகளையும் வண்டுகளையும் பிடிக்கும். சுடலைக்குயில் மற்ற பறவைகள் தொடத் தயங்கும் கம்பளிப் புழுக்களைத் தின்னும். கொண்டைக்குருவியும் குயிலும் வேப்பம்பழத்தைத் தின்று வேலியில் உட்கார்ந்து போடுவதால்தான் வேலிக்குள் யாரும் நடாத வேம்பு முளைக்கிறது. சில இடங்களில் சந்தனமும் அப்படி வருகிறது.

பறவையால் நட்டமே இல்லை என்று எழுதினால் அது பொய். மூலனூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி இதே வாரம் எழுதியிருக்கிறார்: "மயில் அகவுவதைக் கேட்கப் பட்டணத்திலிருந்து வருகிறார்கள். விதைத்த கடலையை அது கிளறித் தின்பதை யார் வந்து பார்ப்பது?" அவர் கோபம் சரியானது. கொங்குப் பகுதியில் மயில் பெருகிவிட்டது. முளைவிடும் கடலை, தக்காளி, மிளகாய் எதையும் விடுவதில்லை. விதைத்த முதல் இரண்டு வாரம் விடியற்காலையும் சாயங்காலமும் ஆள் காவல் இருப்பதுதான் இன்றைக்கும் நம்பகமான வழி. மின்னும் நாடா கட்டினால் சில நாள் மிரளும், பிறகு பழகிவிடும். நாற்றங்காலுக்கு வலை போடலாம். விஷம் வைப்பது மட்டும் கூடாது. மயில் 1963 முதல் தேசியப் பறவை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு உள்ள பட்டியலில் இருக்கிறது. சிறைத் தண்டனை உண்டு. அதோடு, மயிலுக்கு வைத்த விஷ தானியம் கௌதாரிக்கும், புறாவுக்கும், வீட்டுக் கோழிக்கும் போய்ச் சேரும்.

பூச்சிமருந்து தடவிய விதையும் இதே மாதிரிதான். விதைநேர்த்தி செய்த விதை மண்ணுக்கு மேலே சிந்திக் கிடந்தால் பொறுக்கித் தின்ற பறவை வேலியோரம் செத்துக் கிடக்கும். சிந்தியதை மூட ஐந்து நிமிடம் போதும். மோனோகுரோட்டோபாஸ் பறவைகளுக்குக் கொடிய நஞ்சு. காய்கறியில் அதை அடிக்க 2005 முதலே தடை. பழைய புட்டி எங்கேயாவது பரணில் இருக்கிறதா என்று வீட்டில் உள்ளவர்கள் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கௌதாரி பற்றி ஒரு வார்த்தை. கண்ணி வைத்துப் பிடித்துச் சந்தையில் விற்கும் வழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கௌதாரியையும் காட்டுக் காடையையும் பிடிப்பது குற்றம். பண்ணையில் வளர்க்கும் ஜப்பான் காடை வேறு. கௌதாரி தரையில் கரையானையும் பூச்சியையும் களை விதையையும் பொறுக்கித் தின்கிறது. கரையான் தொல்லைக்கு மருந்து கேட்டு எழுதும் ஊர்களிலிருந்தே கௌதாரிக் கண்ணிச் செய்தியும் வருவதுதான் வேடிக்கை.

வாசகருக்கு இப்போது செய்யக்கூடியது என்னவென்றால், தம்பியிடம் குருவிப் பேச்சை எடுக்காமல் 27 சென்ட் கணக்கையும் கல்தூண் செலவையும் எடுத்து வைப்பது. வெளிச்சுற்று வேலியை அப்படியே விட்டு, இரண்டு பாகத்துக்கும் நடுவில் வரும் பிரிவுக்கு மட்டும் கம்பி கட்டிக்கொள்ளலாம் என்று பேசினால் ஒத்துவர இடமிருக்கிறது. அங்கே இப்போது வேலியே இல்லை என்று கடிதத்தில் உள்ளது. எனவே பிடுங்க எதுவுமில்லை. கிளுவைதான் வேண்டும் என்றால் புது வேலி ஆடு நுழையாத அளவு நெருங்க ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை கம்பியும் வேண்டியிருக்கும். 'வைகாசி வண்டியை ஆவணிக்குத் தள்ளிப் போடு' என்பது தம்பிக்குப் பெரிய இழப்பில்லை. இந்த மூன்று மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் அவரையும் வேலியோரம் நிறுத்த முடிந்தால் நல்லது. வர மறுத்தால் கட்டாயப்படுத்த வேண்டாம். பாகம் பிரித்த பிறகு அண்ணன் தம்பிக்குள் பேச்சு நிற்க வேலி ஒரு காரணமாகிவிடக் கூடாது.

மற்ற ஊர்களிலும் இப்படி நடக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். சூரியன் எழுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இடத்தில் நிற்க வேண்டும். ஆறரை மணிக்குப் போனால் கச்சேரி முடிந்து பந்தல் பிரிக்கும் நேரம். ஊரில் குரல் தெரிந்த ஒருவர் போதும். அவர் ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் ஆடு மேய்ப்பவருக்கே அதிகம் தெரிந்திருக்கும். உள்ளூரில் வழங்கும் பெயரை எழுதுங்கள். புத்தகப் பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலையொட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. தை மாதம் பாட்டு குறைவுதான். ஆனாலும் வலசை வரும் பறவைகளையும் சேர்த்துப் பார்க்கலாம். ஒரே வேலியோரத்தில் ஆண்டுதோறும் ஒரே வாரத்தில் நின்று எழுதினால், எது குறைகிறது, எது கூடுகிறது என்பது மூன்று நான்கு ஆண்டில் பிடிபடும்.

பேத்தியின் நான்கு கேள்விக்குறிகளில் இரண்டை அவள் எழுதியதை வைத்தே சொல்லிவிடலாம். "குக், குக், குக் என்று பாத்திரம் தட்டுவதுபோல், வெயில் வந்த பிறகு, ஒரே மாதிரி, நிறுத்தவே இல்லை" என்பது குக்குறுவான். "இருட்டில் இரண்டு பேர் திட்டிக்கொள்வதுபோல் கிறீச் கிறீச்" என்பது பெரும்பாலும் புள்ளி ஆந்தை. வெள்வேல மரப் பொந்தில் பகலில் பார்த்தால் தலையை ஆட்டி ஆட்டி முறைக்கும். மற்ற இரண்டுக்கும் அவள் இன்னொரு நாள் விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும்.

கடைசியாக, அதே கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்த சின்னக் கேள்வி: உழவு ஓட்டும்போது ஆள்காட்டி முட்டை தென்பட்டால் என்ன செய்வது? வெறும் தரையில் மண் நிறப் புள்ளியோடு பெரும்பாலும் நான்கு முட்டை இருக்கும். கையில் எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரு குச்சி நட்டு, டிராக்டர் ஓட்டுபவருக்குச் சொல்லி, சுற்றிலும் இரண்டு முழம் மண்ணை உழாமல் விட்டால் போதும். தலைக்கு மேலே கத்திக்கொண்டே இருக்கும். வண்டி தள்ளிப் போனதும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.